மருமகன் தொடக் கூடாத சுவிச்

வருங்கால மாமனாரிடம் எதையும் விற்கப் போகாதீர்கள். கைமாற்றுக் கேட்கலாம், காரை இரவல் கேட்கலாம், துணிவிருந்தால் பெண்ணையே கேட்கலாம். விற்க மட்டும் போகக் கூடாது. பட்டவன் சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு தை மாதக் குளிரில், கனடாவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு குடும்பத்தையே விறைக்க வைத்தவன் நான். பிறகு அந்த வீட்டிலேயே பெண்ணும் எடுத்தேன். (அவர்கள் கொடுத்ததுதான் பெரிய ஆச்சரியம்.)

யசோதாவை மாலை நேரக் கணினி வகுப்பில் சந்தித்திருந்தேன். அப்போது எனக்கு ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. அவளுக்கு என்னைப் பிடித்திருந்தது. ஆனால் அவளுடைய அப்பா நாகலிங்கம் அங்கிளின் கண்ணுக்குக் கழுத்தில் ரை கட்டிய ஆட்கள் மட்டும்தான் தெரிவார்கள் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். ஆகவே நான் ரை கட்டுகிற வேலை ஒன்று தேடினேன். கிடைத்தது. வீடு வீடாகப் போய் காஸ் விற்கிற வேலை.

காஸ் விற்பது என்றால் சிலிண்டரைத் தோளில் தூக்குவதில்லை. வீட்டுக்குக் குழாயில் வரும் எரிவாயுவை யாரிடம் வாங்குவது என்று வீட்டுக்காரரே தெரிவு செய்யலாம் என்ற நிலைமை அப்போது வந்துவிட்டது. அதே குழாய், அதே காஸ், அதே நெருப்பு. பழைய கொம்பனியோடு இருந்தால் விலை ஏறும், இறங்கும். எங்களிடம் மாறினால் ஐந்து வருடத்துக்கு ஒரே விலை. இவ்வளவுதான் விசயம். இதைச் சொல்ல எனக்கு மிசிசாகாவில் ஒரு அலுவலகத்தில் பயிற்சி கொடுத்து, ஒரு கோப்பும் தந்து அனுப்பினார்கள்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். காஸ் விற்கப் புறப்பட்ட அந்தப் பெருமகன், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் என்ற இயந்திரத்தைத் தன் வாழ்நாளில் கண்ணால் கண்டதில்லை. நான் கனடாவுக்கு வந்த நாளிலிருந்து நண்பர்களோடு ஒரு அடுக்குமாடியில் இருந்தேன். அங்கே சூடு வாடகையோடு சேர்த்தி. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றியதே இல்லை. மழை பெய்கிற மாதிரி அதுவும் தானாக வருகிறது என்று இருந்துவிட்டேன்.

அப்போதுதான் யசோதா அந்தச் செய்தியைச் சொன்னாள். மிசிசாகாவிலிருந்து ஒரு எஞ்சினியர் மாப்பிள்ளை, தாயோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார். வேறு எவனாக இருந்தாலும் நேரே போய்ப் பெண்ணைக் கேட்டிருப்பான். நான் என்ன செய்தேன்? சனிக்கிழமையே அங்கிளுக்குப் போய் காஸ் விற்பது என்று முடிவெடுத்தேன். அவர் என் வாடிக்கையாளர் ஆகிவிட்டால் என்னுடைய திறமை தெரியும், திறமை தெரிந்தால் மிசிசாகாவை மறுத்துவிடுவார் என்பது என் கணக்கு. (சிரிக்காதீர்கள். அந்த வயதில் எல்லாருக்கும் மூளை வேறு எங்கேயோதான் இருக்கும்.)

நாகலிங்கம் அங்கிள் சிக்கனத்துக்குப் பேர் போனவர். வீட்டின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்கு மேலே இன்னொரு கண்ணாடிப் பெட்டி போட்டுப் பூட்டி, திறப்பைத் தன்னுடைய கார்த் திறப்போடு கோர்த்து வைத்திருந்தார். அந்த வீட்டில் எல்லோரும் ஸ்வெற்றரோடுதான் பிறந்தார்கள் என்று சொல்லலாம். தேங்காய் எண்ணெய் அங்கே உருகியதாக வரலாறே இல்லை. எங்காவது ஒரு அறையில் ஆளில்லாமல் லைற் எரிந்தால் அங்கிளுக்கு அன்று முழுக்கச் சாப்பாடு இறங்காது.

கொம்பனியைப் பற்றி நான் சொல்லத் தொடங்க, அவர் அதை ஒரு சம்பந்தம் விசாரிப்பது போலவே விசாரித்தார். கொம்பனி எந்த இடம் என்று கேட்டார். காஸ் அல்பேட்டா மாகாணத்திலிருந்து வருகிறது என்றேன். அங்கே எங்கட ஆக்கள் ஆராவது இருக்கினமோ என்று கேட்டார். எத்தனை வருடமாக நடத்துகிறார்கள், முன்பு எங்கேயாவது ஒப்பந்தம் பேசி முறித்தவர்களா, இப்போது காஸ் எடுக்கிற குடும்பங்கள் எப்படிப்பட்டவை என்றெல்லாம் கேட்டார். சாதகக் குறிப்பு ஒன்றுதான் கேட்கவில்லை.

கடைசியில் முகம் மலர்ந்து, "ஐஞ்சு வருசம் ஒரே விலை எண்டுறது நல்ல விசயம்தான், தம்பி" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்தது. பேனாவை நீட்டினேன். அவர் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துவிட்டு, எமகண்டம் முடிய மூன்று மணியாகும், அதுவரைக்கும் வாரும், ஃபர்னஸைக் காட்டுகிறேன் என்று என்னைக் கீழே பேஸ்மென்ற்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கேதான் என் விதி சுவரில் இருந்தது. மூலையில் ஒரு பெரிய தகரப் பெட்டி நின்றது. அதுதான் ஃபர்னஸ் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்தவன் போலத் தலையாட்டி, நல்ல சாமான் என்று அதைத் தட்டியும் கொடுத்தேன். திரும்பி வரும்போது அங்கிள் முன்னே படியேற, நான் பின்னே வந்தேன். சிக்கனக்காரரின் மனதில் இடம்பிடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா? வழியில் கண்ட சுவிச்சையெல்லாம் அணைத்துக்கொண்டே வந்தேன். உடுப்புத் தோய்க்கிற இடத்து லைற், சாமான் அறை லைற், படிக்கட்டின் உச்சியில் சிவப்புத் தகட்டில் இருந்த இன்னொரு சுவிச். சிவப்பாக இருப்பதால் ஏதோ விலைகூடிய லைற் போலும், இதை முக்கியமாக அணைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

டிக், டிக் என்ற சத்தம் கேட்ட அங்கிள் திரும்பிப் பாராமலே சொன்னார்: "நல்ல பழக்கம், தம்பி. இந்த வீட்டில ஒருத்தருக்கும் வராத பழக்கம்."

மூன்று மணி தாண்டியதும் கையெழுத்து வைத்தார். அன்று பஸ்ஸில் போகும்போது, கல்யாண மண்டபத்துக்கு எந்தப் பக்கத்தால் நுழைவது என்பது வரை யோசித்து முடித்துவிட்டேன்.

சிவப்புச் சுவிச் ஃபர்னஸுக்குரியது என்பதை நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். அந்த வீட்டில் அன்று பின்னேரம் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எப்போதும் குளிர்கிற வீடுதானே! இரவு இன்னொரு போர்வையை எடுத்துப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். ஞாயிறு காலையில் யசோதாவின் அம்மா, அன்ரி, குசினிக்குள் போய், மாப்பிள்ளை வீட்டுக்கென்று கரைத்து வைத்த தோசை மாவைத் திறந்து பார்த்தபோதுதான் விசயம் வெளித்தது. மா பொங்கவில்லை. வைத்தது வைத்த மாதிரியே கிடந்தது. அங்கிள் ஓடிப்போய்ப் பூட்டிய பெட்டியைத் திறந்து சூட்டைக் கூட்டியும் ஃபர்னஸ் அசையவில்லை.

எனக்குத் தொலைபேசி வந்தது. "தம்பி, நேற்று உம்மட கொம்பனிக்கு மாறினன். இண்டைக்கு காஸ் இல்லை" என்றார் அங்கிள். குரலும் வீட்டைப் போலவே இருந்தது.

நானும் அப்படித்தான் நம்பினேன். எங்கள் கொம்பனி வருவதற்குள் பழைய கொம்பனி கோபத்தில் வெட்டிவிட்டது என்று நினைத்தேன். அலுவலகத்துக்கு எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை, இயந்திரம்தான் பேசியது. அதற்கு உருக்கமாக ஒரு செய்தி சொல்லி வைத்துவிட்டு, நண்பனிடம் ஒரு மின்சார ஹீற்றரை இரவல் வாங்கி, ரை கட்டி, ஹீற்றரை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் எல்லோரும் குளிருடுப்போடு நின்றார்கள். யசோதா சேலைக்கு மேலே தகப்பனுடைய ஜாக்கெற்றைப் போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள். "காஸ் வெட்டுப்பட்டிருந்தால், சுடுதண்ணி மட்டும் எப்பிடி வருது?"

வேறு யாராவது என்றால் இந்த இடத்தில் யோசித்திருப்பார்கள். நான் யோசிக்கவில்லை. அது குழாயில் மிஞ்சிக் கிடக்கிற காஸ், முடிந்துவிடும், ஒருவரும் குளிக்காமல் மிச்சம் பிடியுங்கள் என்று பயிற்சி பெற்றவனின் தோரணையில் கட்டளையிட்டேன். அங்கிள் உடனே குளியலறையைச் சாத்தினார். யசோதா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அது மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பின்னேரம் மிசிசாகாக்காரர் வந்தார்கள். நான் ஏன் அங்கே இன்னும் நின்றேன் என்று கேட்பீர்கள். ஹீற்றர் என்னுடையது. அது வைத்த இடத்தில் நிற்காமல் சரிந்து சரிந்து விழும். பக்கத்தில் ஆள் இருந்து பிடிக்க வேண்டும். என்னைக் காஸ் கொம்பனித் தம்பி என்று அங்கிள் அறிமுகம் செய்துவைத்தார். இப்படியாக, நான் விரும்பிய பெண்ணை வேறொருவன் பார்க்க வந்த இடத்தில், நிலத்தில் குந்தியிருந்து அவனுடைய காலுக்குச் சூடு பிடித்தேன். என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமாக நான் எங்கும் இருந்ததில்லை.

எஞ்சினியர் நல்ல பிள்ளைதான். குளிரில் மூக்குச் சிவந்து இருந்தாலும், ஃபர்னஸைத் தான் ஒருக்கால் பார்க்கவா என்று கேட்டு எழும்பினார். அந்த நேரம் பார்த்து யசோதா ரீத் தட்டோடு படிக்கட்டுப் பக்கமாக வந்து குறுக்கே நின்றாள்.

"இருங்கோ. நீங்கள் போட்டு வந்தது புதுக் கோட் எல்லோ, கீழ ஒரே தூசி. ரீ ஆறமுதல் குடியுங்கோ" என்றாள்.

அவர் உட்கார்ந்துவிட்டார். அங்கிள் அன்ரியைப் பார்த்துப் புன்னகைத்தார். எனக்கு நெஞ்சே வெடித்துவிடும் போல இருந்தது. என்னிடம் ஒருநாளாவது ரீ ஆறப்போகிறது என்று சொல்லியிருக்கிறாளா? முடிந்தது கதை, மிசிசாகாவை அவளுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். ஹீற்றரைப் பிடித்திருந்த கையை எடுத்துக் கண்ணைத் துடைத்தேன். ஹீற்றர் சரிந்து மாப்பிள்ளையின் தாயின் சேலைப் பக்கம் விழுந்தது. பாய்ந்து பிடித்தேன். அதே வேளை குசினியில் அன்ரி இரண்டாவது தரம் மின்சாரக் கேத்திலைப் போட, பியூஸ் போய் வரவேற்பறை இருண்டது.

தாய்க்காரி குளிருடுப்பைக் கழற்றவே இல்லை என்பதால் எழும்பிப் போக வசதியாக இருந்தது. வாசலில் அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாகத்தான் சொன்னார்: "பிள்ளை நல்ல பிள்ளை. ஆனால் எங்கட தம்பிக்குச் சின்னனிலையிருந்தே சளித் தேகம், பாருங்கோ."

எங்கள் ஆட்கள் சம்பந்தத்தை மறுக்கும்போது எப்போதும் தங்கள் பிள்ளையிலேயே ஒரு குறை சொல்வார்கள். சளித் தேகம் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. கார் தெருவைத் தாண்டியது. யசோதா உடுப்பு எடுக்க வேண்டும் என்று கீழே போனாள். சற்று நேரத்தில் நிலத்துக்கு அடியில் ஏதோ உறுமியது. பிறகு சுவரோரத்துத் துவாரத்தால் சூடான காற்று வந்தது.

"பாத்தியளோ, கொம்பனிக்கு என்ர செய்தி போய்ச் சேந்திட்டுது" என்று நான் எழும்பி நின்றேன்.

யசோதா மேலே வந்து, சிவப்புச் சுவிச்சை யாரோ நூத்து, அதாவது அணைத்து, விட்டிருக்கிறார்கள் என்று சாதாரணமாகச் சொன்னாள். அங்கிள் மெல்ல என் பக்கம் திரும்பினார். நேற்று தான் கேட்ட டிக் சத்தம் அவருடைய காதில் அப்போது மறுபடியும் கேட்டிருக்க வேண்டும். நான் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

அங்கிள் ஒப்பந்தத்தை முறிக்கவில்லை. நல்ல நேரம் பார்த்து வைத்த கையெழுத்து என்பது அவருடைய நியாயம். அதுதான் என்னைக் காப்பாற்றியது. பிறகு ஒரு குளிர்காலத்தில் காஸ் விலை ஏறு ஏறென்று ஏறியது. ஊரெல்லாம் பில்லைப் பார்த்துத் தலையில் கை வைக்க, அங்கிள் மட்டும் பழைய விலையைக் கட்டிக்கொண்டு, காண்கிறவர்களுக்கெல்லாம் என் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். விலை ஏறும் என்று எனக்கு ஒரு சாத்திரமும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. அந்தச் சூட்டோடு சூடாகப் பெண்ணைக் கேட்டேன். இந்த முறை ஒன்றும் விற்கவில்லை.

அந்தச் சிவப்புச் சுவிச்சின் மேல் அவர் அந்தக் காலத்திலேயே ஒரு ரேப் துண்டை ஒட்டி, "தம்பி தொடக் கூடாது" என்று எழுதியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு அது "மருமகன் தொடக் கூடாது" என்று மாறியது. வீட்டுக்கு யார் வந்தாலும் கோட்டைக் கழற்ற முதல் அந்தக் கதை சொல்லப்படும். நானும் இத்தனை வருடமாக அசடு வழியச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன மார்கழியில் குடும்பமாக இருந்து சாப்பிடும்போது மாமா வழக்கம்போலக் கதையைத் தொடங்கினார். யசோதா சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அது நூந்து கிடந்ததை நான் சனிக்கிழமை பின்னேரமே கண்டனான், அப்பா. உடுப்புத் தோய்க்கப் போகேக்க. மிசிசாகா ஆக்கள் வந்திட்டுப் போகட்டும் எண்டுதான் பேசாமல் விட்டனான்."

எனக்கு அந்தச் சுடுதண்ணிக் கேள்வியும், ஆறப்போன ரீயும், அந்தப் பார்வையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! இருபது வருடத்துக்கு மேலாக முட்டாள் பட்டத்தை என் தலையில் கட்டிவிட்டு இவள் பக்கத்தில் இருந்து அப்பளம் நொறுக்கியிருக்கிறாள். கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. எனக்காக ஒரு பெண் தை மாதத்தில் ஒரு வீட்டையே, தன்னையும் சேர்த்து, ஒரு நாள் முழுக்க விறைக்க விட்டிருக்கிறாள் என்று நினைக்கச் சந்தோசமாகத்தான் இருந்தது.

மாமிக்குத்தான் கோபம். அந்தக் குளிரில் பிடித்த இருமல் பங்குனி வரைக்கும் போகவில்லை என்றார்.

மாமா எழும்பிப் போய்க் கையைக் கழுவினார். கொஞ்ச நேரம் ஆளைக் காணவில்லை. நாங்கள் வெளிக்கிடும்போது படிக்கட்டு வாசலில் எட்டிப் பார்த்தேன். சிவப்புச் சுவிச்சின் மேல் புது ரேப் ஒட்டியிருந்தது. "மகள் தொடக் கூடாது" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே, சின்னதாக: "மருமகன் கேட்டுத் தொடலாம்."