இரவல் முகவரி

முகத்துக்கு மாஸ்க், தலைக்குத் தொப்பி, போதாக்குறைக்கு மழை மூட்டத்தில் கறுப்புக் கண்ணாடி. இத்தனையையும் மாட்டிக்கொண்டுதான் தேவானந்தன் சார் சிகாமட் டவுன் இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்தார். பெற்றோர் வந்து சுற்றிப் பார்க்கும் நாள். அவர் மகள் தர்மினி ஆரம்பப்பள்ளி முடித்து அடுத்த வருஷம் படிவம் ஒன்று போகிறாள். பெற்ற தகப்பன் வந்து பார்ப்பதில் தப்பே இல்லை.

தப்பு எங்கே என்றால், சார் கணக்குப் பாடம் நடத்துவது ஆற்றைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்து ஓரம் இருக்கும் இன்னோர் அரசாங்கப் பள்ளியில். அங்கே வருஷா வருஷம் பிள்ளைகள் குறைகிறார்கள். வீடு வீடாகப் போய், டவுன் பள்ளியில் என்ன கொட்டியா கிடக்கிறது, நம்மிடம் அனுப்புங்கள் என்று பேசிப் பேசி ஆள் சேர்ப்பவரே இவர்தான்.

வீடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துப் பள்ளிதான் கிடைக்கும்; சார் வீடோ ஆற்றுக்கு அந்தப் பக்கம். அதற்கும் சார் வழி பண்ணிவிட்டார். டவுன் பள்ளிக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்து, மாடியிலேயே குடியிருக்கும் ஆசிக் பாயிடம் முகவரியை இரவல் கேட்டிருந்தார். ஊரில் எல்லாரும் செய்கிற காரியம்தான். பாய் யாருக்கு என்று கேட்டபோது மட்டும் சாருக்கு நாக்கு புரளவில்லை. அக்கா மகனுக்கு என்று சொல்லிவைத்தார். அவருக்கு அக்காவே கிடையாது.

பாய்க்கும் தர்மினி வயசில் ஒரு மகள், ஷப்னம். ரோட்டைத் தாண்டினால் பள்ளி. கொடுத்து வைத்த மனுஷன் என்று சார் பெருமூச்சு விட்டார்.

ஆய்வுக்கூடத்தில் குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. அவர் பள்ளியில் தண்ணீர் கூரையிலிருந்துதான் வரும். வயிற்றெரிச்சலோடு வெளியே வந்தவரை வடைக் கடைக்காரம்மா மறித்தாள்.

"சார், என்ன இந்தப் பக்கம்? மூஞ்சிய மூடிட்டா நடை தெரியாதா?"

தேன்மொழி. போன வருஷம்தான் அவள் மகனைப் பேசியே தன் பள்ளியில் சேர்த்திருந்தார். சாருக்கு வியர்த்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னார்: ரெண்டு பள்ளியையும் ஒப்பிட்டுப் பார்க்க ரகசியமாக வந்திருக்கிறாராம், பெற்றவர்களுக்கு எடுத்துச் சொல்வதற்காக.

தேன்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க சார். நீங்க சொன்னீங்கன்னுதான் என் பையன அங்க போட்டேன்."

அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது சாருக்கு. பூமிக்கு அந்த எண்ணம் இல்லை. தேன்மொழி புண்ணியத்தில் அன்று சாயந்திரமே பெற்றோர் வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிட்டது: ஞாயிற்றுக்கிழமை பொது மண்டபத்தில் தேவானந்தன் சார் இரண்டு பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பேசுகிறார், தேநீர் உண்டு.

தொண்டை கட்டிவிட்டது என்று தன் பள்ளித் தலைமையாசிரியை யோகம் டீச்சரிடம் சொல்லிப் பார்த்தார். டீச்சர் உடனே நல்ல மைக்குக்கு ஏற்பாடு செய்தார். போதாததற்கு, தர்மினியையும் கூட்டிவரச் சொல்லி முதல் வரிசையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்.

பட்டும் படாமலும் பேசி இறங்கிவிடலாம் என்றுதான் சார் மேடை ஏறினார். எதிரே தேன்மொழி உட்கார்ந்து வாயையே பார்க்கிறாள். குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா, பேச்சு பிய்த்துக்கொண்டு வந்தது. தங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை ரெண்டு நாள் வராவிட்டால் வாத்தியார் வீட்டு வாசலிலேயே வந்து நிற்பார் என்றார். வெள்ளம் வந்தபோது ஊரே அங்கேதான் தங்கியது, அந்தக் கூட்டத்திலும் மூலையில் உட்கார்ந்து பாடம் நடந்தது என்றார். பேர் தெரியாத பிள்ளை அங்கே ஒன்றுகூடக் கிடையாது என்றார். கை தட்டல் ஓயவில்லை.

சொன்னது அத்தனையும் உண்மை. அதுதான் சாரைக் கொன்றது. ஊரார் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும், தன் மகளுக்கு மட்டும் போதவில்லையா?

அப்போதுதான் கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார். "சார் மக எந்தப் பள்ளிக்குப் போவுது?"

"இதென்ன கேள்வி? எங்க பள்ளிக்குத்தான்."

தர்மினி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். டவுன் பள்ளி என்று யாரிடமும் மூச்சு விடாதே என்று நேற்றுத்தான் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். பிறகு சடை ரிப்பனைச் சுருட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்து அவள் பார்த்தது, பொய் சொன்ன மாணவர்களை இருபது வருஷமாக அவர் பார்த்த அதே பார்வை.

மறுபடி எழுந்த கை தட்டல் அடங்கும் முன்னே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் பக்கம் நழுவினார். அங்கே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆசிக் பாய். கூட்டத்துக்குத் தேநீர் அவர் கடையிலிருந்துதான். கையைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து முகவரிக்கு அத்தாட்சியாகத் தன் வீட்டுக் கரண்டு பில்லை எடுத்துச் சார் சட்டைப் பையில் செருகினார்.

"இந்தாங்க சார், அக்கா மகனுக்குக் கேட்டீங்களே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பதிலுக்கு உங்க வீட்டு முகவரிய எனக்கு இரவல் குடுங்கலா. நீங்க பேசினதக் கேட்டுட்டு முடிவு பண்ணிட்டேன், ஷப்னத்த உங்க பள்ளியிலதான் போடப் போறேன். உங்க மக பக்கத்துலயே உட்கார வச்சிருங்க சார்."