மயக்க பாய்க்கு எந்த வியாதியும் இல்லை

உத்திரமேரூர் வட்டாரத்திலேயே ஒரு வியாதியும் இல்லாமல் அதிக தடவை உயிர் பிழைத்த மனிதர் மயக்க பாய்தான். மாரடைப்பு, ஆஸ்துமா, பாம்புக்கடி, சர்க்கரை இறங்கி மயக்கம் என்று அவர் பார்க்காத கண்டம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து, லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு, "ஒரு டீ சொல்லுங்கப்பா" என்பார். இந்த உலகத்தில் நான் வயிறெரிந்து பொறாமைப்பட்ட ஆள் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். என் ஓரகத்தி புது நெக்லஸ் போட்டுக்கொண்டு வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு எரியவில்லை.

அப்போது நான் அந்தப் பக்கத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் தர மேலாளர். பேர்தான் பெரிது. நோயாளிகளை எப்படிக் கவனிக்கிறார்கள், போன மாதத்துக்கு இந்த மாதம் தேவலையா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வேலை. டாக்டர் வர எவ்வளவு நேரமாகிறது, ஊசி போடுவதற்கு முன் கை கழுவினார்களா, படுக்கை விரிப்பை மாற்றினார்களா என்று எல்லாவற்றையும் குறித்து, கலர் கலராக வரைபடம் போட்டுச் சுவரில் ஒட்டுவேன். அதை நின்று பார்த்த ஒரே ஜீவன் சாலவாக்கத்துப் பெரியவர் ஒருவர். ஃபேன் காற்றுக்காக அந்தப் பக்கம் ஒதுங்கியவர். "இன்னாம்மா இது, மழ பேஞ்ச கணக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஒப்பந்த வேலை. எங்கள் ஆஸ்பத்திரியைப் பரிசோதிக்க வெளியூரிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. அவர்கள் திருப்தியாகித் தரச் சான்றிதழ் கொடுத்தால் என் வேலை நீடிக்கும். கொடுக்காவிட்டால் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஆகவே நான் சாப்பிடும்போதும் டவுன் பஸ்ஸில் தொங்கும்போதும் சான்றிதழ் நினைப்பாகவே இருந்தேன்.

அந்தக் குழு முக்கியமாகப் பார்ப்பது அவசர ஒத்திகையை. யாராவது ஒருவர் நோயாளி மாதிரி விழ வேண்டும். ஊழியர்கள் எப்படி ஓடி வருகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கவனிப்பார்கள். இதற்கு ஆள் கிடைக்காமல் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. துப்புரவு அக்காவைப் படுக்க வைத்தால், நாடி பார்க்கக் கையைத் தொட்டதும் கூச்சம் தாங்காமல் சிரித்துவிடுவார். செக்யூரிட்டியைப் படுக்க வைத்தேன். அவர் நிஜமாகவே தூங்கிவிட்டார்.

கடைசியில் தலைமை டாக்டர்தான் எதிர்க் கடை பாயைக் கூட்டிவந்தார். உள்நோயாளிகளுக்கு வேண்டிய பக்கெட், பிளாஸ்க், சோப்பு டப்பா விற்கிற கடை. பள்ளிக்கூட நாடகத்தில் குண்டடிபட்டுச் சாகிற வேஷம் போட்டவராம் பாய். அதற்குப் பிறகு ஊர் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்ற குறை அவருக்கு ரொம்ப நாளாக இருந்தது.

முதல் நாள் அவர் விழுந்த அழகு இருக்கிறதே! குல்லாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். நெஞ்சைப் பிடித்தார். மாத்திரை கவுண்டர் கம்பியைப் பிடித்து, வழுக்கி, பாதியில் நின்று, "நைனா, எம் பசங்கள பாத்துக்கோ" என்று மருந்தாளுநரிடம் குடும்பத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் தரைக்கு வந்தார். வரிசையில் நின்ற பெண்கள் ஓவென்று அழுதார்கள். நர்சுகள் பறந்து வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும்போது பாய் ஒரு கண்ணைத் திறந்தார்.

"மேடம், இந்த வண்டி சக்கரம் இன்னா இப்பிடிக் கத்துது? வந்த மயக்கமே தெளிஞ்சி பூடும் போலக்கீது."

அன்று சாயங்காலமே சக்கரத்துக்கு எண்ணெய் போட ஆள் வந்தது. அதே சக்கரத்தைப் பற்றி நான் மாதக்கணக்காக எழுதி எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அதிலிருந்து அவர் மயக்க பாய். தலைமை டாக்டர் ஒரு விதி வைத்தார். விழுவது பாயாக இருந்தாலும் சரி, வேறு யாராக இருந்தாலும் சரி, நிஜம் என்றே நினைத்து ஓடிவர வேண்டும், நடிப்பா இல்லையா என்ற ஆராய்ச்சி அப்புறம். பாயும் விடமாட்டார். "நான் சாவக் கெடக்கறேன், நீ பல்ல காட்டிக்கினு வர்றியேம்மா?" என்று ஒரு நர்சைப் பிடித்து உலுக்கிவிட்டார். அந்தப் பெண் மறுநாள் கண் கலங்க ஓடிவந்தது.

பாம்புக்கடி ஒத்திகைதான் உச்சம். பாய் காலில் கயிறு கட்டிக்கொண்டு, கடை வாசலிலிருந்தே நொண்டிக்கொண்டு வந்தார். ரோட்டில் போன எவரோ ஒரு நல்லவர் நம்பி, மொபெட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குள்ளேயே வண்டியை விட்டுவிட்டார். நர்சுகள் கால் அசையாமல் பிடித்து, டாக்டர் வந்ததும் கயிற்றைப் பக்குவமாக அவிழ்த்து, எல்லாம் முறையாகச் செய்தார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. அதற்குள் பாயின் மனைவி தூக்குச் சட்டியோடு வந்து நின்றார்.

"காலீல நாஷ்டா துன்னாம இங்க வந்து செத்துக்கினு கீறியா? கடைய யாரு பாக்கறது?"

பாய் கண்ணைத் திறக்காமலே, "வெசம் தலைக்கி ஏறிடுச்சி, அப்பால வா" என்றார்.

"ஏறட்டும். இட்லி ஆறுது, எந்திரி."

வார்டு முழுக்கச் சிரிப்பு. ஆளுக்கொரு பக்கம் நின்று அவர் இட்லி தின்பதை வேடிக்கை பார்த்தார்கள். அதே வார்டில் நான் மத்தியானம் பட்டினியாக நின்றால் ஒரு பிஸ்கட் நீட்ட ஆள் கிடையாது.

இன்னொரு கொடுமையையும் சொல்லிவிடுகிறேன். நோயாளிகள் குறைகளை எழுதிப் போட நான் ஒரு பெட்டி வைத்திருந்தேன். திறந்தால் பஸ் டிக்கெட்தான் கிடைக்கும். குறைகளெல்லாம் ரோட்டைத் தாண்டிப் பாய் கடைக்குப் போய்க்கொண்டிருந்தன. பக்கெட் வாங்க வருகிறவர்கள் பேரம் பேசுகிற சாக்கில் பாத்ரூம் தாழ்ப்பாள் முதல் சாப்பாட்டு உப்பு வரை சொல்லிவிட்டுப் போவார்கள். பாய் அதைப் பக்கத்து டீக்கடைக்கு வரும் தலைமை டாக்டர் காதில் போடுவார். மறுநாள் தாழ்ப்பாள் சரியாகிவிடும். என் வரைபடத்தில் கோடு மேலே ஏறும். கோடு என்னுடையது, ஏற்றியவர் அவர். வெறுப்பில் நானும் ஒரு நாள் அந்தக் கடையில் நின்று ஒட்டுக்கேட்டேன். சும்மா நிற்க முடியாமல் தேவையில்லாத ஒரு பக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்ததுதான் மிச்சம்.

குழு வருவதற்கு முதல் நாள் பாய் என்னைத் தேடிவந்தார்.

"மேடம், வுழுந்து வுழுந்து பேஜாராய்க்கீது. நாளைக்கி நான் வுழல. கம்முனு ஒரு ஓரமா குந்திக்கினு இருக்கற பேசண்ட்டா பண்றேன். அந்த மாதிரி ஆள உங்க பசங்க பாக்கறாங்களானு பாப்பமே."

"அதெல்லாம் வேணாம் பாய். பாக்க வர்றவங்களுக்குத் தெரியணும். நீங்க வழக்கம்போல விழுங்க, போதும்."

"இன்னா மேடம், ஒரு கலைஞன..." என்று முனகிக்கொண்டே போனார்.

மறுநாள் குழு வந்தது. ஓர் ஆண், ஒரு பெண். இரண்டு பேருமே சிரிக்கிற ஜாதி இல்லை. வெளிநோயாளிகள் கூடத்தில் நின்று, "ஒத்திகையைப் பார்க்கலாமா?" என்றார்கள். நான் பாயைத் தேடினேன். கடைசி பெஞ்சில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, நெஞ்சில் கை வைத்தபடி கம்மென்று உட்கார்ந்திருந்தார். கண்ணைக் காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் போய்ப் பல்லைக் கடித்தேன்.

"பாய், விழுங்க!"

"ஸ்ஸ்... கேரக்டர்ல கீறேன் மேடம். போங்க."

என் வேலை போயிற்று என்று முடிவே செய்துவிட்டேன். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் பாய் தானாகவே எழுந்து விறுவிறுவென்று என்னிடம் வந்தார். விழத்தான் வருகிறார் என்று வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவர் விழவில்லை. கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"இது நாயமா மேடம்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம வேற ஆள போட்டுட்டீங்களே!"

"யாரப் போட்டேன்?"

"எம் பக்கத்துல குந்திக்கினு கீறாரே, அவருதான்! நான் பண்றதயே அவரும் பண்றாரு. எனக்கு எவ்ளோ முக்கியும் வேர்க்கல, அவருக்குத் தண்ணியா ஊத்துது. ஒதடெல்லாம் வெளுத்துக்கீது. எப்பிடி மேடம் பண்றாரு? எந்த ஊரு ஆளு அவரு?"

நான் திரும்பிப் பார்த்தேன். பழையசீவரத்து விவசாயி ஒருவர். வேட்டியில் சேறு. கையில் ஓ.பி. சீட்டு. வாயுப் பிடிப்பு என்று நினைத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் தன் முறைக்காகக் காத்திருந்தார்.

நான் போட்ட கூச்சல் எனக்கே புதுசு. ஒருவர்கூட ஒத்திகையா நிஜமா என்று கேட்கவில்லை. பாய்க்கு ஓடி ஓடிப் பழகிய கால்கள் அவருக்காகவும் அப்படியே ஓடின. ஸ்ட்ரெச்சர், மாத்திரை, இ.சி.ஜி., பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆம்புலன்ஸ் என்று கண் எதிரே எல்லாம் நடந்தது. குழுவினர் இரண்டு பேரும் வழியை விட்டு ஒதுங்கிச் சுவரோடு சுவராக நின்றார்கள். பாய்க்கு அப்போதுதான் உறைத்தது. "நெசமாலுமா?" என்றார் சின்னக் குரலில். பிறகு பெஞ்சுக்குக் கீழே கிடந்த அந்த மனிதரின் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் பின்னால் ஓடினார்.

விவசாயி பிழைத்துக்கொண்டார். எங்களுக்குச் சான்றிதழும் வந்தது. என் வேலையும் நிலைத்தது. பாராட்டு விழாவில் தலைமை டாக்டர் என்னை மேடையில் உட்கார வைத்துவிட்டு, பொன்னாடையைப் பாய்க்குப் போட்டார். எனக்கு மறுபடியும் வயிறு பற்றிக்கொண்டது. கைதட்டல் ஓயவில்லை. பாய் மைக்கைப் பிடித்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. முன்வரிசையில் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்த பழையசீவரத்துக்காரரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் எனக்குக் கை தட்றீங்கோ. ஆனா உள்ளத சொல்லணும். அன்னிக்கி என்னவிட நல்லா பண்ணது அவருதான். எனக்கு இன்னும் தூக்கம் வரமாட்டேங்குது."

நான் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. எனக்கு அவர்மேல் எரிந்த அதே எரிச்சல், அவருக்கு ஒரு நோயாளிமேல் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் அந்த மனிதர்மேல் எப்படிக் கோபப்படுவது?

இப்போது நான் வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். இங்கேயும் ஒத்திகை நடக்கிறது, இங்கேயும் யாராவது விழுகிறார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனாலும் எனக்கு என்றைக்காவது நிஜமாகவே நெஞ்சு வலித்து, ஏதோ ஒரு ஆஸ்பத்திரி பெஞ்சில் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்க நேர்ந்தால், பக்கத்து இடத்தில் மயக்க பாய் இருக்க வேண்டும். என்னைப் பார்த்து அவருக்குப் பொறாமை வர வேண்டும்.