ஊசி மண்டோரும் அரைப் பேரும்

மலேசியாவில் வடக்கு சிலாங்கூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒருவர் தலையில் ஊசியைக் குத்திவிட்டு, குத்திய கையோடு அவரிடமே துடைப்பத்தைக் கொடுத்து "அந்த மூலையைக் கூட்டு" என்று சொல்லக்கூடிய ஆள் ஊசி மண்டோரைத் தவிர வேறு யாரும் கிடையாது. கூட்டியவர்கள் எல்லாம் பக்கவாதம் வந்தவர்கள். நன்றாகத்தான் கூட்டினார்கள்.

அவருக்கும் ஒரு சொந்தப் பெயர் இருந்திருக்கும். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழில் எழுதியும் இருந்தது. அது முழுக்கச் சீனத்தில் இருந்ததால் எங்களில் ஒருவருக்கும் படிக்கத் தெரியவில்லை. அவருடைய அப்பா தோட்டத்தில் நிஜமான மண்டோர், ஆட்களை வேலைக்கு விரட்டும் உத்தியோகம். மகனுக்கு உத்தியோகம் வரவில்லை. தொண்டை மட்டும் வந்தது. அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு கோலசிலாங்கூர் கடைவரிசையில், ஒரு காப்பிக் கடைக்குப் பக்கத்தில், தலையில் ஊசி போட்டு உடம்பை அசைக்க வைக்கும் வைத்தியம் நடத்தினார்.

மற்ற இடங்களில் ஊசி போட்டால் படுக்க வைப்பார்கள், விளக்கைக் குறைப்பார்கள், புல்லாங்குழல் கேட்கும். மண்டோர் கட்டிலே வாங்கவில்லை. "படுக்கணும்னா வீட்டுல படு. ஊசி தலையில இருக்கிறப்பவே கை காலை ஆட்டணும். சும்மா குத்திக்கிட்டு உக்காந்திருக்க நீ என்ன ஊசி டப்பாவா?" என்பார்.

என் அண்ணன் அந்தோணி செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து விழுந்தது, பின்னாலேயே அண்ணனும் விழுந்தார். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். வலது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பேச்சும் போய்விட்டது. போனது முழுசாகவும் போகவில்லை, ஒரே ஒரு சொல் தங்கிவிட்டது. கோஸ்தான். வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்ல எங்கள் பக்கத்தில் எல்லோரும் போடும் சத்தம் அது.

"சாப்பிடுறீங்களா?"

"கோஸ்தான்."

"இட்லியா, ரொட்டியா?"

"கோஸ்தான்."

பார்க்க வந்த ஃபாதர் அண்ணன் தலையில் கைவைத்து உருக்கமாகச் செபித்தார். எல்லோரும் ஆமென் சொன்ன இடத்தில் அண்ணன் மட்டும் கோஸ்தான் என்றார். ஃபாதர் வாசலில் நிறுத்திய தன் காரை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

ரீத்தா அண்ணி மட்டும் சிரிக்கவே இல்லை. "அவரு நடக்க வேணாம் தம்பி, நான் தூக்கிக்கிறேன். உள்ளுக்குள்ள அவரு இருக்காரா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும். நான் பேசறது யாருக்குப் போய்ச் சேருதுன்னே தெரியலலா" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. வெளியே சொன்னதில்லை.

அண்ணனை மண்டோரிடம் கூட்டிப்போன முதல் நாளே சண்டை. மண்டோர் அண்ணன் தலையின் இடது பக்கத்தில் ஊசிகளை வரிசையாக ஏற்றினார். அண்ணி பதறிவிட்டார். "ஐயா, வலது கைதான் வரல! நீங்க பக்கம் மாத்திக் குத்துறீங்க!"

மண்டோர் திரும்பக்கூட இல்லை. "லைட்டு ஒரு சுவத்துல இருக்கு. சுவிட்சு எந்தச் சுவத்துல இருக்கு?"

அண்ணி யோசித்து, "எதிர்ச் சுவத்துல" என்றார்.

"அப்ப என்னை ஏன்மா லைட்டைப் போய் அமுக்கச் சொல்றீங்க?"

அதோடு நிற்கவில்லை. "ஆஸ்பத்திரி மருந்தை ஒரு வேளை விட்டாலும் இந்த வாசப்படி ஏறக் கூடாது" என்று இரண்டு பேரையும் சேர்த்து அதட்டினார். ஏற வாசப்படியே இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிற்கவைத்துப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். மண்டோர் தன் கடையிலும் பெரட்டு நடத்தினார். எல்லோருக்கும் ஊசி ஏற்றி, நிற்க முடிந்தவர்களை நிற்கவைத்து, முடியாதவர்களை நாற்காலியில் நிமிர்த்திப் பெயர் கூப்பிடுவார். "இருக்கேன்" என்று பதில் வர வேண்டும். வந்தால் முழுப் பேர். வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் வேலைதான் கணக்கு. சம்பளம் யாருக்கும் கிடையாது. ஆனாலும் அரைப் பேர் வாங்கியவர்கள் முகம் தொங்கிப்போகும். ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியர் அரைப் பேருக்காக அழுததை நானே பார்த்தேன்.

"அந்தோணி!"

"கோஸ்தான்."

மண்டோர் ஓர் அடி பின்னால் போய் நின்று கேட்டார்: "இது போதுமா? இன்னும் போகணுமா?" பிறகு அறிவித்தார். "ஆள் வந்திருக்கு, பதில் வரல. அரைப் பேரு."

ஆனால் அந்தச் சொல்லை அவர் வீணாக்கவில்லை. அண்ணனுக்கு முன்னால் காலெடுத்து வைக்கப் பயம். மண்டோர் அவர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, பின்னால் நின்று பிடித்துக்கொண்டு, லோரி அட்டெண்டர் மாதிரி கத்தினார். "கோஸ்தான், கோஸ்தான்... வலது கொஞ்சம் ஒடி... மெதுவா... கோஸ்தான்!" அண்ணனின் வலது கால் தானாகப் பின்னால் போனது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டார். "பின்னால வர்ற வண்டி முன்னால போகாமலா இருக்கும்?" என்றார் மண்டோர்.

முன்னாலும் போனது. போனது வாசலைத் தாண்டி, கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில். தலை நிறைய ஊசி, மேலே மஞ்சள் சட்டை, பின்னால் பெல்ட்டைப் பிடித்தபடி மண்டோர். பூக்கடை அம்மா பார்த்தார். அலகு குத்தி வருகிற சாமி என்று முடிவு கட்டி, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு ஓடிவந்து அண்ணன் காலில் ஊற்றி, அரோகரா என்று கும்பிட்டார்.

"கோஸ்தான்" என்றார் அண்ணன்.

"சாமி என்ன சொல்லுது?" என்று பயபக்தியோடு கேட்டார் அம்மா.

"பின்னால போகச் சொல்லுது. தரை வழுக்குதுல்ல" என்றார் மண்டோர்.

அந்த அம்மா கும்பிட்டபடியே பின்வாங்கிக் காப்பிக் கடைக்குள் போய்விட்டார். யாரோ எடுத்த படம் மத்தியானத்துக்குள் எங்கள் சர்ச் வாட்சப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. 'அந்தோணி அலகு குத்தியிருக்கிறார்' என்ற செய்தியோடு. ஃபாதர் நேரிலேயே விசாரிக்க வந்தார். விசாரணையில் ஃபாதருக்கு நாள்பட்ட தோள்வலி இருப்பது தெரியவந்தது. மறுவாரம் பெரட்டில் ஃபாதரும் நின்றார், தலையில் ஊசியோடு.

கால் வந்துவிட்டது, கை பாதி வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. அண்ணன் அரைப் பேராகவே இருந்தார். ஒரு நாள் அண்ணி வெடித்துவிட்டார். "சொல்ல முடிஞ்சா நாங்க ஏன் மண்டோரே இங்க வர்றோம்? ஊரு முன்னால தெனம் அவரை அசிங்கப்படுத்தணுமா? நாளையிலிருந்து வரல!"

மண்டோர் அண்ணன் தலையிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார். சத்தம் இல்லாத மண்டோரை அன்றுதான் பார்த்தோம். பார்க்கச் சகிக்கவில்லை.

மறுநாள் காலையில் வாசலில் ஹாரன் சத்தம் நிற்கவே இல்லை. எட்டிப் பார்த்தால் அண்ணன் காரில் ஏறி உட்கார்ந்து, நல்ல கையால் ஹாரனை அமுக்கிக்கொண்டிருக்கிறார். "கோஸ்தான்! கோஸ்தான்!" அண்ணி தலையில் அடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். நான் காரை எடுத்தேன்.

அன்று மண்டோர் பெரட்டு எடுத்தார். தலைமையாசிரியரைக் கூப்பிட்டார், ஃபாதரைக் கூப்பிட்டார், இருந்த எல்லோரையும் கூப்பிட்டார். அந்தோணியைக் கூப்பிடவில்லை. "சரி, ஆரம்பிங்க" என்று திரும்பினார். பெரட்டில் பேர் கூப்பிடாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, ஆளே இல்லை என்று அர்த்தம். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த அண்ணனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. முகம் சிவந்தது. உதடு கோணியது. கழுத்து நரம்பு புடைத்தது.

"இ... இருக்கேன்!"

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருக்காரு" என்றார் என்னைப் பார்த்து. "தம்பி, இருக்காருய்யா." நானும் அழுதேன். மண்டோர் சுவரில் இருந்த சான்றிதழை நெடுநேரம் படித்துக்கொண்டிருந்தார். பிறகு, "உன் பேரு மறந்துபோச்சு. முழுப் பேரு. பெரட்டுல யாரும் அழக் கூடாது" என்றார். எதையும் மறக்கிற ஆள் இல்லை அவர். ஊசியா, பயிற்சியா, மருந்தா, கோபமா, எது பேச வைத்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டால் மண்டோர் துடைப்பத்தைக் கொடுப்பார்.

இப்போது அவர் கடையை புக்கிட் பெருந்துங்குக்கு மாற்றிவிட்டார். தினமும் காலையில் அண்ணனுக்கு போன் வரும். "அந்தோணி!" "இருக்கேன்." அவ்வளவுதான், வைத்துவிடுவார்கள். போன வாரம் ஒரு நாள் போன் வரவில்லை. அண்ணனே கூப்பிட்டார்.

"மண்டோர்!"

"இருக்கேன்பா" என்று காய்ச்சலில் நைந்த குரல் வந்தது.

"சத்தம்... பத்தல. அரைப் பேரு" என்றார் அண்ணன்.

அன்றைக்கே அண்ணி கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொள்ள, மூவரும் கிளம்பினோம். கடை வாசலில் நெருக்கடி, காரைப் பின்னால்தான் நுழைக்க வேண்டும். அண்ணன் இறங்கிப் பின்னால் போய் நின்று கையை ஆட்டினார். "கோஸ்தான், கோஸ்தான்... மெதுவா... கோஸ்தான்!" அந்தச் சொல் இத்தனை நாள் கழித்து அதனுடைய வேலையைப் பார்த்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்த மண்டோர், என் ஓட்டும் லட்சணத்தைப் பார்த்து அங்கிருந்தே திட்ட ஆரம்பித்தார். எனக்குக் கண்ணாடியில் இரண்டு பேருமே சரியாகத் தெரியவில்லை, கண் கலங்கியிருந்தது.