மேனேஜர் எழுதிய ஒரு வரி

பார்சல் ஆபீஸ் தரையில் மண்டியிட்டு, ஹெட்கிளார்க் சிவப்புப் பெயிண்டில் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

தலைமை அலுவலகத்திலிருந்து மேனேஜர் அனுப்பிய சீட்டில் ஒரே வரிதான். எல்லோரும் 'டோ தி லைன்' செய்ய வேண்டுமாம். அகராதியைப் புரட்டினார். டோ என்றால் கால்விரல். லைன் என்றால் கோடு. மேனேஜரிடமே அர்த்தம் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

"எல்லாரும் இங்கேயே நில்லுங்க! கட்டைவிரல் கோட்டைத் தொடணும்!"

பார்சலோடு வந்தவர்கள் தொட்டார்கள். பெயிண்ட் காயவில்லை. அரை மணி நேரத்தில் வாசல்வரை சிவப்புக் கால்தடம்.

டைப்பிஸ்ட் சீட்டை வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ சார்! ஓட்டப்பந்தயத்துல கோட்டுல விரலை வச்சு, விசிலுக்குக் காத்துக்கிட்டு நிப்பாங்கல்ல? அதுலேர்ந்து வந்த பேச்சுன்னு சொல்வாங்க. சொன்னபடி அடங்கி நடக்கணும்னு அர்த்தம்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்னம்மா?"

"நீங்க எங்க கேட்டீங்க? சீட்டைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டீங்க."

வியர்க்க விறுவிறுக்க, தின்னர் ஊற்றிக் கோட்டைத் தேய்த்து அழித்தார். பிறகு ஊழியர்களைக் கூட்டித் தொண்டையைச் செருமினார்.

"உங்க போக்கு மேனேஜருக்குப் பிடிக்கல. இனிமே எல்லாரும் அடங்கி நடக்கணுமாம்."

எடை போடுபவர் எழுந்தார். "இருபது வருஷத்துல ஒருநாள் லேட்டா வந்திருப்பேனா? அடங்கணுமாமே! நான் வீட்டுக்குப் போறேன்."

"நானும்" என்று டைப்பிஸ்ட் கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

கவுண்டர் மூடியது. வெளியே கூட்டம் தெருமுனைவரை நீண்டு, கண்ணாடியைத் தட்ட ஆரம்பித்தது.

"போகாதீங்கப்பா! நான் உங்க பக்கம்தான். நம்புங்க!" என்று ஹெட்கிளார்க் கெஞ்சினார்.

"அப்ப எழுதிக் குடுங்க."

மேனேஜருக்கு எழுதினார். 'நாங்கள் அடிமைகள் அல்ல. உங்கள் மிரட்டலுக்கெல்லாம் பயப்பட மாட்டோம்.' முதல் கையெழுத்து அவருடையது. எடை போடுபவர் மனம் குளிர்ந்து, அதைத் தானே அவசரத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தார். கவுண்டர் திறந்தது. ஹெட்கிளார்க்குக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. கொஞ்சம் வீரமாகக்கூட இருந்தது.

அப்போது தலைமை அலுவலக வேன் டிரைவர், இரண்டு டின்களை மேசைமேல் வைத்தார்.

"மஞ்சப் பெயிண்ட் சார். கவுண்டருக்கு மூணடி தள்ளி ஒரு கோடு போட்டு, வர்றவங்களை அதுல விரல் படுற மாதிரி நிக்கவைக்கணுமாம். சீட்டுல தெளிவா எழுதியிருக்கேன்னாரே மேனேஜர், படிக்கலையா?"