புதுக் காதும் ரக்பி பந்தும்

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டபோது லைல் காதுகளை மூடித் தலையைச் சுற்றிய துணிப் பட்டையோடு அடுப்படியில் நின்று முட்டை பொரித்துக்கொண்டிருந்தான். பெர்த்தில் தங்கை வீட்டுக்குப் போன மனைவி மெரிடித் வெள்ளிக்கிழமைதான் வரவேண்டும். இன்றைக்குச் செவ்வாய்.

பட்டையைக் கழற்றலாம் என்றால் காதுக்குப் பின்னால் தையல். கழற்றாமல் நிற்கலாம் என்றால் மனைவி.

பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கு முறக்காதன் என்று பெயர். டூவூம்பாவில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்த பிறகும் வாடிக்கையாளர்களோடு வரும் குழந்தைகள் அவன் காதைப் பார்த்துச் சிரித்தன. அதனால் பிரிஸ்பேனுக்குப் போய், விரிந்து நின்ற இரண்டையும் தலையோடு ஒட்டித் தைத்துக்கொண்டு காதும் காதும் வைத்தாற்போல் திரும்பியிருந்தான்.

மெரிடித்திடம் மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை. “கூட்டத்துல இவன் காதைப் பாத்துத்தான் விழுந்தேன்” என்று கல்யாணத்தன்றே எல்லோர் முன்னாலும் சொன்னவள் அவள். அவளுக்குப் பிடித்ததையே வெட்டித் தைத்துக்கொண்டது தெரிந்தால் என்ன நினைப்பாள்? 

“தலையில என்ன லைல்?”

குளிருக்கு என்று சொல்லியிருக்கலாம். அந்த ஊரில் ஜூலைதான் குளிர்காலம், வெளியே புல்லெல்லாம் உறைபனி. ஆனால் பொய் சொல்லிப் பழகாதவன் பெரிய பொய்யாகப் பார்த்துத்தான் எடுப்பான்.

“ரக்பி ஆடப் போறேன். காதுக்குப் பாதுகாப்பு.”

“நீயா? செருப்பு மாட்டக் குனிஞ்சு இடுப்பு பிடிச்சுக்கிட்டியே, அந்த நீயா?”

“உடம்பு இளைக்கணும்ல.”

“சமையக்கட்டுல எதுக்கு மாட்டியிருக்க?”

“பழகிக்கிறேன்.”

மெரிடித் அவன் முதுகுப்பக்கமாக வந்து, பட்டையின் விளிம்பை ஒரு பார்வை பார்த்து, அடுப்பை அணைத்தாள். “நல்ல விஷயம்தான்” என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். தப்பித்தோம் என்று லைல் மூச்சு விட்டான்.

சாயங்காலம் அவள் தம்பி டாரில் வந்து நின்றான். நாற்பது தாண்டியவர்களின் ரக்பி டீமுக்கு அவன்தான் பயிற்சியாளன்.

“மச்சான்! அக்கா சொன்னா. சனிக்கிழமை மேட்ச்சுக்கு ஒரு ஆள் குறையுது. நீ வந்துரு.”

“எனக்கு முட்டி வலி டாரில்.”

“எங்க டீம்ல முட்டி வலிக்காதவன் எவன் இருக்கான்?”

“இந்தப் பட்டை வேற மெல்லிசா இருக்கே. ஆட்டத்துக்குத் தாங்காது.”

டாரில் காரிலிருந்து பஞ்சு வைத்த தொப்பி ஒன்றை எடுத்து வந்து, தானே மாட்டிவிடக் கை நீட்டினான். லைல் அதைப் பிடுங்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினான். பட்டைமேல் தொப்பியும் ஏறியதும் தலை பூசணிக்காய் போலாயிற்று.

“அப்ப அந்த ஊதா டவுசராவது குடேன்” என்று கெஞ்சினான். ஊதா டவுசர் போட்டவரை ஆட்டத்தில் யாரும் தொடக்கூடாது.

“அது எழுபது வயசுக்காரங்களுக்கு மச்சான். உயிரோட இருந்தா உனக்கும் தர்றேன்.”

சனிக்கிழமை எதிர் டீமான வார்விக் ஊர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். அவர்களில் கிளின்ட் என்றொருவன், காளைமாடு மாதிரி இருந்தான். அவனைப் பார்த்ததுமே லைலுக்குத் தையல் விண்விண் என்றது. மெரிடித்தோ மைதான ஓரத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சாசேஜ் சுடும் அடுப்பை மூட்டிவிட்டு, வந்தவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். புருஷன் சாகப் போகிறான், இவளுக்குப் பேச்சைப் பார் என்று அவனுக்கு எரிச்சல்தான் வந்தது.

ஓரமாய் நின்றால் பந்து வராது என்று கணக்குப் போட்டான். பந்து ஓரமாகத்தான் வந்தது.

நெஞ்சில் வந்து விழுந்ததை ஒரு கையால் அணைத்து, மறு கையால் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி ஓடினான். எதிரே கிளின்ட் கையை விரித்து வந்தான். தொலைந்தோம் என்று நினைத்தபோது கிளின்ட் சட்டென்று விலகினான். அடுத்தவன் தானாகக் கால் இடறி விழுந்தான். லைல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தான்; புள்ளி விழுந்தது.

கொஞ்சநேரத்தில் இன்னொரு தரம் வைத்தான். அதற்குப் பிறகு, “டேய், பந்தை இங்க போடுங்கடா!” என்று அவனே கத்தத் தொடங்கிவிட்டான்.

ஆட்டம் முடிந்ததும் முதல் வேலையாகத் தொப்பிக்கு மேலேயே காதுகளைத் தடவிப் பார்த்தான். இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. அப்பாடா! காதும் பிழைத்தது, ரகசியமும் பிழைத்தது. தூரத்தில் மெரிடித் இடுக்கியை ஆட்டிச் சிரித்தாள். அவனுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

கை குலுக்க வந்த கிளின்டிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்டான்.

“ஒருத்தனாலயும் என்னைப் பிடிக்க முடியல பாத்தியா? இந்த வயசுல இந்த வேகம்!”

“என்னண்ணே நீங்க! ‘தையல் போட்ட காது, பழசோ புதுசோ அது எனக்குச் சொந்தம், விரல் பட்டுச்சுன்னா ஒருத்தனுக்கும் சாசேஜ் கிடையாது’ன்னு நீங்க தொப்பி மாட்டப் போனப்ப உங்க வீட்டம்மா ரெண்டு டீமையும் நிக்கவச்சுச் சொல்லிட்டாங்களே!”