ஒரு கல்லில் ஒரு டோலோரஸ்

1. டோலோரஸுக்குக் கல்யாணம் பேசி முடிவானது.
2. மாப்பிள்ளை வீட்டில் யாரோ அவள் பெயருக்குக் கைபேசியில் அர்த்தம் தேடினார்கள்.
3. கல்யாணம் நின்றது.
4. நேம்போர்டு அங்கிள் ஒரு கல்லில் எழுத்து வெட்ட முடியாது என்று சொல்லிவிட்டார்.
5. கல்யாணம் நடந்தது.

நான் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருப்பவள். எதையும் வரிசை எண் போட்டு எழுதினால்தான் எனக்குப் புரியும். இந்த வரிசையில் மட்டும் நான்கிலிருந்து ஐந்து எப்படி வந்தது என்பதற்கு எண் உதவாது. நேம்போர்டு அங்கிளைத் தெரிந்திருக்க வேண்டும்.

பெங்களூருவில் பெயர் வைத்துக்கொண்டு நடமாடும் ஒவ்வொருவரும் தனக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நம்பும் ஒரே மனிதர் அவர்தான். விவேக் நகரில் கிறிஸ்தவக் கோயிலுக்குப் பின்னால், மெழுகுவர்த்திக் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே அவர் கடை. வாசல் பலகை, மேஜைப் பலகை, பரிசுக் கோப்பை, கல்லறைக் கல் என்று பெயர் பொறிக்க வேண்டிய எதையும் செய்து தருவார். அந்தக் கடைக்கு மட்டும் பெயர்ப் பலகை கிடையாது. ஏன் என்று கேட்டால், "டாக்டர் தனக்குத் தானே ஊசி போட்டுக்குவாராம்மா?" என்பார்.

புது வீட்டுக்குப் பலகை கேட்டு மூன்று சகோதரர்கள் வந்ததை நானே பார்த்தேன். ரவி, பாஸ்கர், தினகரன். அங்கிள் எழுதிக்கொண்டே வந்தவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"முடியாது. மூணும் சூரியன். ஒரே ஆளை மூணு தரம் எழுதச் சொல்றீங்க. ஒரு கல்லுல ஒரு பேரை ஒரு தரம்தான் வெட்டுவேன்."

"அப்போ நாங்க ரெண்டு பேர் எங்க சார் போறது?"

"பக்கத்துக் கல்லுக்கு."

இன்றும் அந்த வீட்டு வாசலில் வரிசையாக மூன்று கற்கள் இருக்கின்றன. மூன்று குடும்பங்களும் சண்டை போட்டுக்கொண்டதாக ஊர் முழுக்கப் பேச்சு. அவர்கள் ஒரே அடுப்பில்தான் சமைக்கிறார்கள்.

இன்னொரு நாள் ஒரு கன்னடக்காரர், நாய் இருக்கிறது, எச்சரிக்கை என்று ஒரு பலகை போதும் என்று வந்தார். அங்கிள் நாயின் பெயரைக் கேட்டார். "நாயி ஹெஸரு யாக்ரீ பேக்கு?" நாயின் பெயர் எதற்கு என்று அவர் எரிந்து விழுந்தார். "எந்த நாய்னு தெரியாம எப்படி சார் பயப்படறது?" என்றார் அங்கிள். அந்த மனிதர் சற்று யோசித்துவிட்டு, ராக்கி என்று பணிவாகச் சொன்னார். இப்போது அந்தத் தெருவில் ராக்கிக்கு மட்டும்தான் கருங்கல்லில் பெயர்.

அவர் சொல்லும் அர்த்தங்களெல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. ரிச்சர்ட் என்றால் ரிச்சானவர் என்று ஒரு மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினார். அந்தோணி என்ற பெயர் அந்தணரிலிருந்து வந்தது என்று பங்குச் சாமியாரிடமே வாதாடினார். நான் சரிபார்த்தவரை பாதி சரி, பாதி தவறு. துணிச்சலில் மட்டும் நூற்றுக்கு நூறு.

நானும் டோலோரஸும் சேர்ந்து ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்தபோது, கதவுக்கு ஒரு சின்னப் பலகை செய்யப் போனோம். முதல் விசாரணை எனக்கு.

"நிர்மலாவா? கறையில்லாதவ. அப்ப ஸ்டெயின்லெஸ்னு சொல்லு."

அன்றிலிருந்து நான் ஸ்டெயின்லெஸ். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"டோலோரஸ்! ஆகா. ஆபீஸ்ல என்னன்னு கூப்பிடறானுங்க?"

"டாலர்னு, அங்கிள்."

"தப்பு. டாலருக்கும் உனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எங்கயோ ஒரு பள்ளத்தாக்குல வெள்ளிக்காசு அடிச்சாங்க. அந்தப் பள்ளத்தாக்குல இருந்து வந்தது டாலர். டால்னு பொம்மையைச் சொல்றாங்களே, அது டாரதியோட செல்லப் பேரு. நீ அந்த வீடும் இல்ல. சாவு வீட்டுல கண்டோலன்ஸ் சொல்றோம் பாரு, அதுதான் உன் அக்கா. சேர்ந்து வலிக்கிறது. சோம்பேறியை இங்கிலீஷ்ல இன்டோலன்ட்ங்கறானே, அது உன் தங்கச்சி. வலியே தெரியாதவன்."

"அப்ப என் பேரு?"

"வலி" என்றார், ஒரு மகுடத்தை எடுத்துத் தலையில் வைப்பது போல.

வீட்டுக்கு வந்ததும் சரிபார்த்தேன். ஒன்று விடாமல் எல்லாம் சரி. எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

டோலோரஸ் கோலார் தங்கவயல் பெண். அவள் அம்மா பிரசவ வலியில் கிடந்தபோது, ஸ்பெயினிலிருந்து வந்திருந்த ஒரு கன்னியாஸ்திரி கட்டிலை விட்டு நகராமல் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம். அவருடைய பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். "அந்த சிஸ்டர் இல்லன்னா அம்மாவும் இல்ல, நானும் இல்ல" என்பாள். அந்தப் பெயரைத்தான் மாற்றச் சொன்னார்கள்.

மாப்பிள்ளை ஸ்டீபன் பொம்மனஹள்ளிக்காரன். நல்லவன். எவ்வளவு நல்லவன் என்றால், அவன் பேசி நான் கேட்டதே இல்லை. அவனுக்கும் சேர்த்து அவன் அம்மா பேபி ஆன்ட்டி பேசுவார். ஆன்ட்டியின் தங்கை மகன் கைபேசியில் தேடி, ஸ்பானிஷ் மொழியில் டோலோரஸ் என்றால் வலி, துக்கம் என்று படித்துக் காட்டியதும் பேபி ஆன்ட்டி டோலோரஸின் அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

"வாசல்லயே துக்கம்னு எழுதி மாட்டிக்க முடியுமாம்மா? ஜாய்னு மாத்திக்கட்டும். இல்லன்னா இதோட விட்டுடலாம்."

டோலோரஸ் அசையவில்லை. "ஆதார், பான், பாஸ்போர்ட், டிகிரி, பி.எஃப்., எல்லாத்துலயும் மாத்தணும். அதுக்கு மாப்பிள்ளையை மாத்திக்கிறது ஈஸி" என்றாள். சொன்னாளே தவிர, ஸ்டீபன் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் போடாமல், அவற்றையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு அப்படியே இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை, கோயிலுக்கு நவநாள் ஜெபத்துக்கு வந்த கூட்டத்தில் நீந்தி அங்கிள் கடைக்குப் போனேன். அலுவலகக் கிரிக்கெட் போட்டிக்குச் சொல்லியிருந்த கோப்பையை வாங்க வேண்டும். பின்னாலேயே பேபி ஆன்ட்டியும் ஸ்டீபனும் வந்தார்கள். கல்லில் தமிழ் எழுத்து வெட்ட இவரை விட்டால் ஆள் இல்லை என்று யாரோ அனுப்பியிருக்கிறார்கள். ஆன்ட்டி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். மகனுக்காக மாடி கட்டி முடித்துவிட்டார்களாம். பெண் எப்படியும் வழிக்கு வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில் வாசல் கல் சொல்ல வந்திருந்தார்.

"மூணு பேரு போடுங்க. பேபி, ஸ்டீபன், ஜாய்."

"பேபியா? யாரு, பேரப்புள்ளையா?"

"நான்தான்!"

"கூப்பிடற பேரு கல்லுக்கு ஆகாதும்மா. ஞானஸ்நானப் பேரு சொல்லுங்க."

ஆன்ட்டி சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வியாகுலமேரி."

அங்கிள் எழுதினார். "மருமகளுக்கு? ஜாய்ங்கறது ஞானஸ்நானப் பேரா?"

"ஆமா" என்றார் ஆன்ட்டி.

"இல்ல" என்றான் ஸ்டீபன். நான் திரும்பிப் பார்த்தேன். அவனுக்குக் குரல் இருந்தது. "டோலோரஸ்."

அங்கிள் பென்சிலைக் கீழே வைத்தார். எனக்கு ரவி, பாஸ்கர், தினகரன் நினைவுக்கு வந்தார்கள். வரப்போவது என்னவென்று ஒரு நொடி முன்னாலேயே புரிந்து, கையிலிருந்த கோப்பையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"முடியாதும்மா. ஒரு கல்லுல ஒரு பேரை ரெண்டு தரம் வெட்ட மாட்டேன்."

"எது ரெண்டு தரம்? எம்பேரு வேற, அவ பேரு வேற. அது துக்கம். என்னுது மாதா பேரு!"

"எந்த மாதா?"

"வியாகுல மாதா."

"வியாகுலம்னா என்னம்மா?"

"துக்..." என்று தொடங்கிய பேபி ஆன்ட்டி கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் அவர்மீது தப்புச் சொல்ல மாட்டேன். தன் மொழியில் உள்ள பெயர் யாருக்கும் வெறும் பெயர்தான். கைபேசியில் தேடிப் பார்க்கும் பெயருக்குத்தான் அர்த்தம் வந்துவிடுகிறது.

அங்கிள் அன்று கத்தவில்லை. "ஸ்பெயின்லயும் நம்மளை மாதிரிதாம்மா. எல்லாப் புள்ளைக்கும் மேரின்னே வச்சா எப்படிக் கூப்பிடறது? அதனால மாதாவோட பட்டத்தை எடுத்து வச்சாங்க. பக்கத்துல மெழுகுவர்த்திக் கடை சகாயம் இருக்குதே, அது அங்க பொறந்திருந்தா சொக்கோரோ. இந்தப் பக்கம் பேக்கரி அடைக்கலம், அங்க அம்பாரோ. ஜெபமாலைன்னா ரொசாரியோ. மகன் சிலுவையில தொங்கறப்ப கீழ நின்னா பாருங்க ஒருத்தி, அவளுக்கு இங்க வியாகுலம், அங்க டோலோரஸ். வலின்னா அந்த வலி. ஓடிப் போகாம நின்ன வலி."

கடைக்கு வெளியே நவநாள் பாட்டு கேட்டது. பேக்கரியில் பன் வாங்கக் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. தினமும் நான் பார்க்கும் தெருதான். அந்த ஒரு நிமிடம் அதன் மறுமுனை கடல் தாண்டி எங்கேயோ போய்த் திறந்துகொண்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. உண்மையில் அங்கிளுக்கே சிலிர்த்திருக்க வேண்டும். முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பேபி ஆன்ட்டி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஸ்கூல்ல வியாக்கூ, வியாக்கூன்னு பசங்க பின்னாடியே வருவானுங்க. அழுதுட்டு வந்து இனிமே என்னை பேபின்னுதான் கூப்பிடணும்னு எங்க அம்மா கிட்ட சொல்லிட்டேன்." சட்டென்று என்னைப் பார்த்தார். "அந்தப் பொண்ணையும் யாராச்சும் கிண்டல் பண்றாங்களா?"

"ஆபீஸ்ல டாலர்னு கூப்பிடறாங்க, ஆன்ட்டி."

"எவன் அவன்? ஸ்டீபா, போனைப் போடு அவளுக்கு."

போனில் அவர் பேசிய முதல் வாக்கியம், "நான் வியாகுலம் பேசறேம்மா." எதிர்முனையில் டோலோரஸுக்கு யாரென்றே புரியவில்லை.

இன்றைய நிலவரம் இது. பொம்மனஹள்ளி வீட்டுக் கேட்டின் இடப்பக்கக் கல்லில் வியாகுலமேரி, வலப்பக்கக் கல்லில் டோலோரஸ். ஸ்டீபன் பெயர் இரண்டிலும் விட்டுப்போயிற்று. அவன் இன்னும் கேட்கவில்லை. எங்கள் மாடி வீட்டுப் பலகையிலிருந்து அவள் பெயரை எடுத்துத் தரச் சொன்னேன். வெட்டினது வெட்டினதுதான் என்று அங்கிள் மறுத்துவிட்டார். கடைக்கு இன்னும் பலகை இல்லை. வியாழக்கிழமைகளில் நான் அந்த வழியாகத்தான் வருகிறேன். "வாம்மா ஸ்டெயின்லெஸ்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தால் நடையை நிறுத்துவதில்லை. வராவிட்டால் திரும்பி வந்து, ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.