மேலே நின்ற சீமெந்துப் பை

மேசன் வேலை செய்கிறவன் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் செய்யக் கூடாது. கட்டுவது விழக் கூடாது என்பதுதான் எங்கள் தொழில். விளையாட்டுச் சாமான் அப்படியில்லை. அது கொஞ்ச நேரத்தில் உடைய வேண்டும். பிள்ளை அழ வேண்டும். பிறகு சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். நான் செய்தது உடையவில்லை. அதனால் வந்த வினை இது.

எனக்குக் கதை வராது. (என் மனிசி சொல்வாள்: "இந்தாளோட கதைக்கிறதுக்கு மதிலோட கதைக்கலாம். மதில் எண்டாலும் எதிரொலிக்கும்.") ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தும் வராது. மகள்தான் எழுதச் சொன்னாள். "அம்மா சொன்னா விடியும் அப்பா. நீங்கள் எழுதினா சுருக்கமா முடியும்."

சண்டைக் காலம். திருகோணமலையில் துறைமுகத்துப் பக்கம் எங்கள் வீடு. ஒழுங்கையின், அந்தச் சின்னத் தெருவின், முடிவில் கடற்படை முகாம். மண்மூட்டை அடுக்கிய சென்ரிக் காவலரண். அதற்கப்பால் கடல். அந்த நாட்களில் முகாமுக்கு வானத்தாலும் இயக்கத்தின் குண்டு வரும் என்று ஊருக்கே பயம். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் எல்லோரும் முதலில் மேலே பார்த்துவிட்டுத்தான் ரோட்டைப் பார்ப்போம்.

ஆவணி விடுமுறை. சரசு, அதாவது மனிசி, தங்கச்சியின் பிள்ளைப்பேறு பார்க்கத் தம்பலகாமம் போய்விட்டாள். மகள் தர்சினிக்கு எட்டு வயது. மகன் சுதனுக்கு ஐந்து. இரண்டையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். பஸ்ஸில் ஏறும்போது சொன்னாள்:

"கடலுக்கு விடாதேங்கோ. வெயிலுக்க விடாதேங்கோ. நேவிக்காரன்ர கண்ணில படாதேங்கோ. நீங்கள் உள்ள போனா இதுகளுக்கு ஆர் சோறு குடுக்கிறது?"

"ஓம்" என்றேன்.

இரண்டு பிள்ளைகள். கடல் இல்லை. வெயில் இல்லை. மிச்சம் என்ன இருக்கிறது? வீடு. முதல் நாள் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றி விளையாடினார்கள். கிணற்றுக்குள் செருப்பு போனது. அடுத்த நாள் அலுமாரிக்குள் ஒளித்து விளையாடினார்கள். அலுமாரிக் கதவு கழன்றது. அதற்கடுத்த நாள் சுதன் குசினிக்குள் மாவால் "சீமெந்து" குழைத்து, உரலைச் சுற்றி மதில் கட்டியிருந்தான். (மட்டம் பிழை. ஆனாலும் நின்றது.)

"அப்பா, ஏதாவது செய்து தாங்கோ" என்றாள் தர்சினி.

பட்டம் கட்டினேன்.

யாழ்ப்பாணத்தில் வேலைக்கு நின்ற காலத்தில் பார்த்தது. அங்கே பட்டத்தின் தலையில் வில் மாதிரி ஒரு தடியை வளைத்து, நாடா இழுத்துக் கட்டுவார்கள். அதற்குப் பெயர் விண். காற்றுப் பட்டதும் அது கூவும். பட்டத்தை ஏற்றி, மரத்தில் கட்டிவிட்டு ஆட்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அது தன் பாட்டில் நாள் முழுக்கக் கூவிக்கொண்டு நிற்கும். நல்ல ஏற்பாடு. நானும் அப்படியே செய்யலாம் என்று நினைத்தேன்.

என்னிடம் இருந்தது மேசன் சாமான். பட்டத்துக்கு மெல்லிய கடதாசி வேண்டும். நான் சீமெந்துப் பை ஒட்டினேன். ஈர்க்கு வேண்டிய இடத்தில் மூங்கில் வைத்தேன். நூலுக்கு, மட்டம் பிடிக்கிற நைலோன் கயிறு. பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் நாடாவில் விண். சரசுவின் பழைய சேலையில் வால். (பழசில்லையாம். பிறகு சொன்னாள்.) ஆள் உயரத்துக்கு வந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அது கச்சான், அதாவது மேற்குக் காற்று, அடிக்கிற காலம். பட்டத்தைத் தூக்கிப் பிடித்ததுதான் தெரியும். என்னையும் இரண்டு அடி இழுத்துக்கொண்டு ஏறியது. முகாமுக்கு மேலால், துறைமுகத்துக்கு மேலால் போய், ஒரு புள்ளியாக நின்றது. பிறகு புள்ளியும் இல்லை. கச்சான் காலத்து வானம் புழுதி. சீமெந்துப் பையும் அதே நிறம். சத்தம் மட்டும் வந்தது.

ஙொய்ய்ய்ங்.

கயிற்றைக் கிணற்றுத் தூணில் கட்டினேன். சோறு சமைத்தேன். சாப்பிட்டோம். சீமெந்துத் தரையில் மூன்று பேரும் படுத்தோம். சத்தம் காதுக்குப் பழகிவிட்டது. நல்ல நித்திரை.

சங்கு ஊதித்தான் எழும்பினேன். முகாமின் ஆபத்துச் சங்கு. ஒழுங்கையில் ஆட்கள் ஓடுகிறார்கள். "வந்திட்டான்! வந்திட்டான்!" என்று யாரோ கத்துகிறார்கள். மேலே விமானச் சத்தம் தெளிவாகக் கேட்டது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. ஒரு கையில் மகனையும் மறு கையில் மகளையும் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். ஹனிபா நானாவின் வீடு. எங்கள் ஒழுங்கையில் கொங்கிறீற் கூரை போட்டது அது ஒன்றுதான். நான் போட்ட கூரை.

நானாவும் அவருடைய மனைவி பாத்திமா ராத்தாவும் கட்டிலுக்குக் கீழே இருந்தார்கள். நாங்களும் நுழைந்தோம். சத்தம் தலைக்கு மேலேயே நின்றது.

"போறானில்லையே" என்றார் நானா. "ஒரே இடத்தில நிண்டு சுத்துறான்."

"எண்ணெய் முடியாதா அவனுக்கு?" என்றார் ராத்தா.

"முடிஞ்சா விழுவான்."

"எங்க விழுவான்?"

நானா மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, இந்தக் கூரை தாங்குமா?"

"தாங்கும்."

"சும்மா சொல்றியா, மெய்யாச் சொல்றியா?"

"தாங்கும்" என்றேன். (நான் கும்பிடத் தொடங்கியிருந்தேன். அதை அவர் காணவில்லை.)

ராத்தா கண்ணை மூடிக்கொண்டு, இவன் போய்த் தொலைந்தால் மூன்று நோன்பு பிடிக்கிறேன் என்று சத்தமாக நேர்ந்தார். நான் கோணேசருக்குத் தேங்காய் நேர்ந்தேன். தர்சினி என் சட்டையை இழுத்தாள்.

"அப்பா, பட்டத்தை இறக்காம வந்திட்டம்."

"இருக்கட்டும்."

"அதில்லையப்பா. உது..."

"கதைக்காத."

அவள் வாயை மூடினாள். அப்போதுதான் எனக்கும் வடிவாகக் கேட்டது. ஙொய்ய்ய்ங், டக். ஙொய்ய்ய்ங், டக். நாடாவில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தது. காற்று அதில் தட்டும்போது டக் என்று ஒரு விக்கல் வரும். விமானத்துக்கு விக்கல் வராது.

குண்டுக்குப் பயந்ததை விடக் கூடப் பயம். கயிற்றின் ஒரு முனை முகாமுக்கு மேலே நிற்கிறது. மறு முனை என் கிணற்றடியில். இனி என்னைப் பிடிப்பார்கள். சரசு வர இன்னும் நாள் இருக்கிறது. பிள்ளைகள்?

கட்டிலுக்குக் கீழே இருந்து ஊர்ந்தேன். நானா காலைப் பிடித்தார்.

"எங்கடா போற? பைத்தியமா?"

"பட்டம்."

"என்ன பட்டம்?"

"மேல நிக்கிறது."

நானா காலை விட்டார். காதைக் கொடுத்துக் கேட்டார்.

"அட நாசமாப் போறவனே!"

ராத்தா எழும்பப் போய்க் கட்டிலில் தலையை இடித்துக்கொண்டார். "யா அல்லாஹ்! நான் மூண்டு நோன்பு நேந்திட்டனே! பட்டத்துக்கா நேந்தன்?"

கிணற்றடிக்குத் தவழ்ந்து போனேன். கயிற்றை இழுத்தேன். வரவில்லை. இன்னும் இழுத்தேன். கிட்ட வரவரச் சத்தம் கூடியது. முகாமில் யாரோ வானத்தைப் பார்த்து வெடி வைத்தார்கள். பட்டத்தில் ஒன்றும் படவில்லை. (நான் கட்டியது அப்படி.) கத்தியை எடுத்தேன். பின்னால் வந்த சுதன் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"வெட்டாதேங்கோ! அது என்ர பட்டம்!"

"விடடா."

"மாட்டன்!"

மேலே வெடி. கீழே இவன். நான் கத்தியோடு நிற்கிறேன். அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றது. சுத்தமாக நின்றது. சத்தமும் நின்றது. பட்டம் ஆடி ஆடி இறங்கி, சென்ரியின் மண்மூட்டைக்கு மேலே போய் மெதுவாக இருந்தது.

அவர்கள் என்னைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார்கள். முன்னால் ஓர் அதிகாரி. பின்னால் துவக்கோடு சில பேர். கடைசியில் ஒரு நேவிப் பெடியன் பட்டத்தைத் தூக்கிக்கொண்டு, கயிற்றை வடிவாகச் சுற்றிச் சுற்றி வந்தான். தூணுக்கு வந்ததும் நின்றார்கள்.

"இது யார்ட?" அதிகாரிக்குத் தமிழ் கொஞ்சம் வந்தது.

"என்ர."

"என்ன இது?"

"பட்டம்."

"அந்தச் சத்தம்?"

"பட்டம்."

"பொய் சொல்லாத. கடதாசி எப்படி அப்படிச் சத்தம் போடும்?"

"காத்துக்கு."

"இப்ப போட்டுக் காட்டு."

"காத்து இல்லை."

"அப்ப எப்படிச் சத்தம் வந்தது?"

"காத்து இருந்தது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வேறு ஆளாக இருந்தால் நாலு வார்த்தை விளக்கிச் சொல்லியிருப்பான். எனக்கு வந்தது அவ்வளவுதான்.

"சரி. முகாமுக்கு வா."

சுதன் என் சாரத்தைப் பிடித்தான். தர்சினி அழவில்லை. என் மறு பக்கம் வந்து நின்றாள். நானா வேலிக்கு மேலால் எட்டி, "ஐயா, அவன் நல்லவன் ஐயா! அவன் கட்டினா எதுவும் விழாது ஐயா!" என்றார். அதிகாரி பட்டத்தைப் பார்த்தார். அந்தப் பேச்சு அப்போது உதவவில்லை.

வேறு வழி தெரியவில்லை. வாயைத் திறந்தேன்.

"ஙொய்ய்ய்ய்ங்" என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். துவக்கு வைத்திருந்த ஒருவன் ஓர் அடி பின்னால் போனான். நான் நிறுத்தவில்லை. ஙொய்ய்ய்ங். சுதனும் சேர்ந்தான். ஙொய்ய்ய்ங். தர்சினி இடையில் "டக்" என்று சேர்த்தாள். மூன்று பேரும் முற்றத்தில் நின்று கூவினோம். எவ்வளவோ ஆண்டுகள் வாயைத் திறக்காமல் இருந்து சேர்த்து வைத்ததெல்லாம் அன்று அப்படிப் போனது.

அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். "இது அந்தச் சத்தம் இல்லை."

"மாமா" என்றாள் தர்சினி, அவரைப் பார்த்து. "மோட்டார் சைக்கிளில ஓடினா காத்து வரும்."

அதிகாரி ஒழுங்கையைப் பார்த்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னார். பெடியன் போய் மோட்டார் சைக்கிள் கொண்டுவந்தான். நான் பின்னால் ஏறினேன். இரண்டு கையாலும் பட்டத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். சேலை வால் பின்னால் இழுபட்டது. ஒழுங்கையின் ஒரு முனையில் இருந்து மற்ற முனைக்கு விட்டான்.

ஙொய்ய்ய்ய்ங், டக்.

அதற்குள் சங்கு அடங்கி, சனம் வாசலுக்கு வந்து கதைத்துக்கொண்டு நின்றது. சத்தம் கேட்டதும் மறுபடி ஓட்டம். "திரும்பி வந்திட்டான்!" சோற்றுப் பானையோடு ஒரு மனிதர் எங்களுக்குக் குறுக்கே பாய்ந்தார். பெடியன் வெட்டி ஓடித் தப்பினான். முகாமில் சங்கு மறுபடி ஊதத் தொடங்கியது. அதிகாரி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையில் வானொலிக் கருவியைப் பிடித்து, வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார்.

அந்தச் சந்தடியில் என் சாரம் அவிழ்ந்தது. இரண்டு கையிலும் பட்டம். காலால் பிடிக்கப் பார்த்தேன். ஏலாது. அது பறந்து போய் நானாவின் வேலியில் தொங்கியது. உள்ளே அரைக் காற்சட்டை இருந்தது. இருந்தும் பின்பக்கம் கிழிசல். நான் பட்டத்தை விடவில்லை. விட்டால் சத்தம் நிற்கும். சத்தம் நின்றால் முகாம்.

திரும்பி வந்து இறங்கினேன். அதிகாரி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. பெடியன் திரும்பி நின்று தோளைக் குலுக்கினான்.

"அதுதான் சத்தம்" என்றார் அதிகாரி.

"ஓம்" என்றேன்.

நாடாவை மட்டும் அறுத்துத் தன் பைக்குள் போட்டார். பட்டத்தைச் சுதனின் கையில் கொடுத்தார். "விடலாம். சத்தம் வேண்டாம்." பிறகு என் காற்சட்டையைப் பார்த்து, "நீ உள்ளுக்குப் போ" என்றார்.

போனேன். பிள்ளைகளும் வந்தார்கள். அன்று இரண்டு பேரும் ஒரு சொல் பேசாமல் சோறு சாப்பிட்டார்கள். நான்தான் எழும்பி எழும்பிக் கதவுப் பூட்டைப் பார்த்தேன்.

சரசு வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் பையை வைக்காமலே கேட்டாள்:

"செக்பொயின்றில நேவிக்காரன் அடையாள அட்டையைப் பாத்தவன். எங்கட ஒழுங்கைப் பேரைக் கண்டிட்டு என்னைப் பாத்து ஙொய்ங் எண்டு இழுக்கிறான். எல்லாரும் சிரிக்கினம். என்ன நடந்தது?"

"காத்து" என்றேன்.

சண்டை முடிந்து எவ்வளவோ காலம். இப்போது எங்கள் வீட்டுக்கு மேலால் சுற்றுலாக்காரரின் சின்ன விமானம் போகும். சத்தம் கேட்டால் சரசு குசினிக்குள் நின்றே கத்துவாள்.

"இஞ்சாருங்கோ! சோறு ஆறுது. அதை ஒருக்கா இறக்கிப்போட்டு வாங்கோ!"

நான் முற்றத்தில் இறங்கி மேலே பார்ப்பேன். அது போய் மறையும் மட்டும் நிற்பேன். பிறகு உள்ளே வந்து கை கழுவுவேன்.

"இறக்கியாச்சு" என்பேன்.